ஏழாம் வளைவில் எட்டு விரல்

ஆர்டன்மலைத் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி 2021 ஒக்டோபர் பதினெட்டாம் திகதி காலை ஆறு மணிக்குப் புறப்பட்டது, ஒரு எட்டு விநாடியைத் தவிர இன்னும் நிற்கவில்லை. ஆர்டன்மலையிலிருந்து ஸ்பிரிங்வெளி வழியாகப் பதுளை, அங்கிருந்து பண்டாரவளை, ஹப்புத்தளை, கொஸ்லந்த, வெல்லவாய, எல்ல, மறுபடி பதுளை, பின்பக்க வீதியால் ஏறி மறுபடி ஆர்டன்மலை. ஒரு சுற்றுக்குச் சரியாக ஆறு மணித்தியாலம், நாளைக்கு நான்கு சுற்று. இந்தக் காலத்தில் டீசல் விலை எத்தனை தரம் ஏறி இறங்கியது என்று சாரதி சந்திரபோஸைக் கேட்டால் தெரியாது என்பான். அவன் டீசல் அடிக்கவே இல்லை. நாடே எரிபொருள் வரிசையில் நின்று, அங்கேயே சாப்பிட்டு அங்கேயே தூங்கிய 2022இல், அந்த வரிசைகளின் பக்கத்தால் அவன் நாளைக்கு நான்கு முறை போய்வந்தான். முதல் வாரம் கல்லெறிந்தார்கள். இரண்டாவது வாரம் பண்டாரவளை மரக்கறி வியாபாரிகள் கரட் மூட்டைகளை ஓடும் லொறியில் எறிந்து, வெல்லவாயவில் ஆள் வைத்து இழுத்தெடுக்கப் பழகிக்கொண்டார்கள்.

காரணம் தோட்டத்துக் கிளப்பில் இருந்தது. அது வெள்ளைக்காரத் துரைமார் சனிக்கிழமைகளில் குடிப்பதற்காகக் கட்டிய தகரக்கூரைக் கட்டடம். 1967இல் அங்கே வேலை பார்த்த ஒரு சின்னத்துரைக்கு, அதாவது தோட்டத்து உதவி மேலாளருக்கு, குடியை விட மோட்டார் பந்தயத்தில் பைத்தியம் அதிகம். அவர் மோட்டார் சைக்கிளில் மூன்று மாதம் ஊவா மாகாணத்து வீதிகளைச் சுற்றி, வளைவு வளைவாக அளந்து, இருபதடி நீளப் பலகை மேசையொன்றில் பதினொரு வளைவுகளோடு பொம்மைக் கார் ஓடும் பாதை ஒன்றைச் செய்தார். பலகையில் நான்கு காடிகள் வெட்டப்பட்டிருந்தன. காடி என்றால் ஒரு கோடு அகலத்துக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஒவ்வொரு காடியின் இருகரையிலும் செப்புப் பட்டி ஒட்டியிருந்தது. காரின் அடியில் இருக்கும் சின்ன நாக்கு காடிக்குள் இறங்கி வழி பிடிக்கும். நாக்கின் இரு பக்கத்துச் செப்பு மயிர் பட்டியைத் தடவி மின்சாரம் வாங்கும். கையில் பிடித்திருக்கும் விசையை அழுத்தினால் கார் ஓடும், விட்டால் நிற்கும். மறுவருடம் துரை கப்பலேறிவிட்டார். அதன்பின் அந்த அறை உரக் களஞ்சியமாகி, பிறகு பழைய தேயிலைப் பெட்டிகள் போட்டுவைக்கும் இடமாகி, கடைசியில் யாரும் திறக்காத அறையாகிப் போனது.

2021இல் கம்பனி அந்தக் கட்டடத்தை வெள்ளைக்காரர் வந்து தங்கும் பங்களாவாக்க நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அறையை ஒழிக்கச் சொன்னது. சந்திரபோஸ் உரமூட்டையை இழுக்க, கீழே பந்தயப் பாதை. மூன்றாம் காடியில் ஒரு சிவப்புக் கார். அவன் மனைவி விதுஷா, பதுளையில் ஹிஷாம் என்பவரின் கையடக்கத் தொலைபேசி திருத்தும் கடையில் வேலை செய்பவள், ஈயம் பற்றவைப்பதில் கெட்டிக்காரி. கணவன் கெஞ்சியதால் துருப்பிடித்த விசைக்கும் ட்ரான்ஸ்போமருக்கும் அவள்தான் புது வயர் போட்டுக் கொடுத்தாள். போஸ் அதோடு விட்டிருக்கலாம். அவனோ மனைவியின் நகப்பூச்சை எடுத்துத் தன் லொறியின் இலக்கத்தை அந்தக் காரின் முதுகில் எழுதினான். பிறகு விசையை அழுத்தினான். கார் ஓடியது. விசையை விட்டான், ஓடியது. மின்சாரத்தை நிறுத்தினான், ஓடியது. "ரோசக்கார வண்டியா இருக்கே" என்று சிரித்து, கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். மறுநாள் காலை ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொழுந்து கொண்டுபோன லொறி ஸ்டோர் வாசலில் நிற்காமல் போய்விட்டது. கிளப்பைத் திறந்து பார்த்தபோது சிவப்புக் கார் வேகத்தைக் குறைத்து, நிமிடத்துக்கு நான்கு விரற்கடை வீதம் ஊர்ந்துகொண்டிருந்தது. தொண்ணூற்றைந்து அடிப் பாதையைச் சுற்றிவர அதற்கும் ஆறு மணித்தியாலம்.

இரண்டுக்கும் உள்ள தொடர்பை ஹிஷாம்தான் கண்டுபிடித்தார், அதுவும் கைதவறி. புதன்கிழமை வந்து மீற்றரை வைத்துப் பார்த்தவர், வயரெல்லாம் கழற்றிய பட்டியில் பன்னிரண்டு வோல்ட் காட்டியதைக் கண்டு மூன்று முறை மீற்றரைத் தட்டினார். "பன்னண்டு வோல்ட் ஈக்கி தங்கச்சி. எங்கிருந்து வருதுண்டு கேக்காத. வெளிய சொன்னா என்ட கடைக்கு ஒருத்தனும் போன் திருத்த வரமாட்டான்" என்றவர், காரை ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கினார். அதே நிமிடம் பண்டாரவளைச் சந்தைக்கு முன்னால் லொறி வீதியை விட்டு ஒரு முழம் எழும்பியது. பார்த்தவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். ஒருவர் மட்டும் அரை முழம்தான் என்று இன்றைக்கும் சாதிக்கிறார். போஸ் போனில் போட்ட கூச்சலில் ஹிஷாம் காரைத் திரும்பக் காடியில் வைத்தார், லொறி இறங்கியது. அடுத்த வாரம் பட்டியில் படிந்த தூசியில் கார் எட்டு விநாடி நின்றது. அந்த எட்டு விநாடியும் ஹாலிஎலவில் நின்ற லொறிக்குள் போஸ் மூச்சில்லாமல் படம் போல உட்கார்ந்திருந்தான். கார் நகர்ந்ததும் அவனும் மூச்சை இழுத்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தான். காரைத் தொடவும் கூடாது, நிற்கவும் விடக்கூடாது என்பது அன்றிலிருந்து சட்டமானது. லொறியை உடனே ஒப்படைக்கும்படி கம்பனி கடிதம் எழுதியது. அந்தக் கடிதத்தையும் ஓடுகிற லொறிக்குள்தான் எறியவேண்டியிருந்தது. கையெழுத்து வாங்க ஓடிய கணக்கப்பிள்ளைக்கு மூட்டு பிசகியது. அதன்பின் கம்பனி பங்களாத் திட்டத்தையும் மறந்தது, லொறியையும் மறந்தது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ஏற்றம் கடுமையாக இருந்த ஓரிடத்தில் லொறி நடைவேகத்துக்கு இறங்கும். நடந்தால் நூற்று நாற்பது எட்டுத் தூரம். அந்த நூற்று நாற்பது எட்டில்தான் விதுஷாவும் போஸும் குடும்பம் நடத்தினார்கள். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று அவள் சோற்றுப் பாத்திரத்தோடு நிற்பாள். லொறியோடு நடந்துகொண்டே பாத்திரத்தைக் கொடுத்து, பழையதை வாங்கி, வீட்டுக் கதை சொல்லி, சண்டை இருந்தால் சண்டையும் போட்டு முடிப்பாள். முடியாத சண்டை அடுத்த சுற்றுக்குப் போகும். போஸ் உறங்கும்போது வளைவுகளை லொறியே பார்த்துக்கொண்டது. ஹப்புத்தளையில் ஒரு முடிதிருத்துநர் மாதம் ஒருமுறை படியில் தொற்றிக்கொண்டு அவனுக்குச் சவரம் செய்வார். நீயும் ஏறிவிடேன், ஒரு சுற்று சுற்றிவரலாம் என்று அவன் விதுஷாவை எத்தனையோ தரம் கூப்பிட்டான். அவளுக்கும் ஆசைதான், ஆசையில் சில இரவுகள் அழுதும் இருக்கிறாள். ஆனால் ஆறு மணித்தியாலம் அந்தப் பாதையை யாரிடம் ஒப்படைப்பது? பாதையில் ஒரு பட்டி கழன்றால் புருஷன் பள்ளத்தில். ஆகவே கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டு இறக்கத்தில் தனியாக நடந்து வந்தாள்.

வேலை முறையை அவளே வகுத்துக்கொண்டாள். கொழுந்து எடுப்பவர்களுக்கு நிரை பிரித்துக் கொடுப்பதுபோல் பாதையை இருபது நிரையாகப் பிரித்தாள். கார் ஒரு நிரையைக் கடந்ததும் அதன் முதுகுக்குப் பின்னால் வேலை தொடங்கும். அதே இடத்துக்குக் கார் திரும்பிவர ஆறு மணித்தியாலம் இருக்கிறது. அதற்குள் முடிக்கக்கூடியதை மட்டுமே தொடுவாள். காருக்கு முன்னால் ஒருபோதும் கை வைப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் பட்டியைத் தேய்ப்பாள், ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைப்பாள். காடிக்குள் சேரும் குப்பையைப் பழைய பல்துலக்கியால் கிளறுவாள். பட்டியும் பட்டியும் சந்திக்கும் இடங்களில் பலகைக்கு அடியால் வயர் கொடுத்து ஈயம் வைப்பாள், ஒரு பக்கம் செத்தாலும் மறுபக்கத்தால் மின்சாரம் வரட்டும் என்று. தண்ணீர் மட்டும் ஆகாது. பலகை ஐம்பது வருடத்துப் பலகை, ஈரம் பட்டால் ஊதும். ஊதினால் காடி இறுகும். இறுகினால் காரின் நாக்கு சிக்கும். இதையெல்லாம் ஹிஷாமிடம் சொன்னாள். ஒரே வீட்டில் இருந்த மாமியாரிடம் சொல்லவில்லை.

மாமியார் பெரியாயி, போஸைப் பெற்றவள், ஸ்டோரில் பதினெட்டு வருடம் தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஈயத்தாள் ஒட்டியவள். பெட்டி போய்க் காகிதப்பை வந்ததும் அவளை மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். அவளுக்குக் கையும் பெரிது, அவசரமும் பெரிது. தட்டு கழுவினால் தட்டு நெளியும். அதனால் கிளப்பைப் பூட்டி, திறப்பை விதுஷா தன் தலையணைக்குக் கீழேயே வைத்துக்கொண்டாள். பெரியாயிக்கு அது உள்ளுக்குள் எரிந்தது. "எம் மவன் ஓடுற ரோட்டு. எனக்குத் தெறப்பு இல்ல. நேத்து வந்தவளுக்கு இருக்கு" என்று தண்ணீர்க் குழாயடியில் சொல்லுவாள். நேற்று வந்தவள் வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

2024 கார்த்திகை மாதம் மழை விடவே இல்லை. மலைச்சரிவில் இருப்பவர்கள் கவனமாக இருக்கும்படி வானொலியில் காலையும் மாலையும் சொன்னார்கள். கார்த்திகைத் தீபத்துக்கு இரண்டு நாள் முன்பு விதுஷா காய்ச்சலில் விழுந்தாள். மறுநாள் லயத்தில் எல்லா வீட்டிலும் பெண்கள் விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியாயியும் தன் வீட்டு விளக்கு, செம்பு, மணி எல்லாவற்றையும் பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கவிழ்த்து வைத்தாள். ஒரு உருண்டை புளி மிஞ்சியது. மருமகளோ கண் திறக்காமல் கிடக்கிறாள். இரண்டு நாளாக மகனின் ரோட்டை யாரும் துடைக்கவில்லை. பெரியாயி தலையணைக்குக் கீழே கையை விட்டுத் திறப்பை எடுத்தாள். ஒரு வாளித் தண்ணீர், தேங்காய்த் தும்பு, மிஞ்சிய புளி. கார் மறுகோடியில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஐந்தாம் வளைவிலிருந்து ஒன்பதாம் வளைவு வரை செப்புப் பட்டியைத் தேய்த்தாள், தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், முந்தானையால் ஒற்றினாள். பட்டி புது மணப்பெண்ணின் நகை போல மின்னியது. அப்படியொரு சந்தோசம் அவளுக்கு அந்த மூன்று வருடத்தில் வந்ததில்லை. திறப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சொன்னால் திட்டு விழும் என்று சொல்லாமல் இருந்தாள்.

தீபத்தன்று வெள்ளிக்கிழமை. காய்ச்சல் விட்ட விதுஷா பகல் பன்னிரண்டுக்குச் சோற்றோடு வீதிக்கு வந்தாள். இரண்டு நாளாகச் சோறு கொடுத்தவள் பெரியாயி.

"விது, கொஸ்லந்தைக்கு மேல ஏழாம் வளைவுல ஸ்டியரிங் இறுகுது" என்றான் போஸ். முகம் வெளுத்திருந்தது. "இழுத்தாலும் வரல. பள்ளத்துப் பக்கமா தள்ளிட்டு, பொறகு தானா விடுது."

"எத்தன சுத்தாங்க?"

"நாலு சுத்து. ஒவ்வொரு சுத்துக்கும் கூடுது. நீ காய்ச்சல்ல கெடக்கன்னு அம்மாகிட்ட சொல்லல."

"காய்ச்சலாவது மண்ணாவது! இத மொதல்ல சொல்ல மாட்டீங்களா?" என்று கத்திவிட்டு, மிச்ச எட்டுகளை நடக்காமலே கிளப்புக்கு ஓடினாள்.

கதவைத் திறந்ததும் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பட்டி பச்சை பூத்திருந்தது. புளி பட்டியின் விளிம்பால் உள்ளே இறங்கிப் பசையைத் தின்றிருந்தது. தண்ணீர் பலகைக்குள் இறங்கியிருந்தது. ஐந்தாம் வளைவிலிருந்து ஒன்பதாம் வளைவு வரை பட்டி நெளிந்து நின்றது. ஏழில் இரு கரையும் ஊதிக் காடி ஒரு மயிரிழைக்கு ஒடுங்கியிருந்தது. குனிந்து மோந்தாள். புளி வாசம். அவள் பின்னாலேயே வந்து வாசலில் நின்ற பெரியாயியைத் திரும்பிப் பார்த்தாள்.

"செம்புன்னா புளி போட்டுத்தானே தேய்ப்பாங்க" என்றாள் பெரியாயி. "எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

"ஒங்க மகனக் கொன்னுட்டீங்களே அத்தை" என்றாள் விதுஷா. ஒன்பது வருடத்தில் மாமியாரிடம் அவள் சொன்ன மிகக் கொடிய வார்த்தை அது. பெரியாயி உள்ளே வந்து, மூலையில் ஒழிக்காமல் விட்ட பழைய தேயிலைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றாள். வெளியே போகவில்லை.

கார் ஏழாம் வளைவுக்கு வர மூன்று மணித்தியாலம் இருந்தது. விதுஷா ஐந்தாம் வளைவில் தொடங்கினாள். கழன்ற பட்டியை உரித்து, பலகையை அடுப்புக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் காயவைத்து, காடியின் கரையைக் கம்பி வெட்டும் வாளின் அலகால் சுரண்டி, புதுப் பட்டி ஒட்டி, ஈயம் வைத்தாள். அவள் போனில் கூப்பிட்டதால் ஜும்ஆத் தொழுகை முடிந்து தொப்பியோடு முச்சக்கரவண்டியில் வந்திறங்கிய ஹிஷாம், ஒரு கேள்வியும் கேட்காமல் ஈயம் பற்றவைக்கும் கோலை வாங்கிக்கொண்டார். கடையில் இருந்த செப்புப் பட்டிச் சுருள் முழுவதையும் கொண்டுவந்திருந்தார். அது பதுளையில் வேறெங்கும் கிடைக்காது. கொழும்பிலிருந்து தபாலில் வரவேண்டும். ஆறாம் வளைவு முடிந்ததும், மிக அதிகமாக ஊதிய ஏழு கொஞ்சம் காயட்டும் என்று விட்டுவைத்து, எட்டையும் ஒன்பதையும் முடித்தார்கள். பிறகு ஏழுக்கு வந்தார்கள். ஏழின் முதற்பாதிக்கு ஒட்டியதும் சுருள் தீர்ந்தது. இன்னும் ஒரு சாண் பாக்கி. அந்த ஒரு சாணில் பலகை வெறும் பலகை, காடியும் இன்னும் அகலவில்லை. மணி மூன்று ஐந்து. சிவப்புக் கார் ஆறாம் வளைவை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது.

விதுஷா மேசையின் மேல் ஏறி முழந்தாளிட்டாள். மூன்று வருடமாகக் காத்த சட்டத்தை மீறி, காரின் மூக்குக்கு நேர் முன்னாலேயே கையை வைத்தாள். வாள் அலகைத் துணியில் சுற்றிப் பிடித்து, ஊதிய காடியைச் சுரண்டிச் சுரண்டிப் பின்னால் நகர்ந்தாள். கார் நிமிடத்துக்கு நான்கு விரற்கடை வீதம் அவள் முட்டிகளை நோக்கி வந்தது. ஹிஷாம் ஒரு கையில் மீற்றரையும் மறுகையில் ஒலிபெருக்கியில் போட்ட போனையும் பிடித்திருந்தார். போனுக்குள் மழை.

"ஒண்ணும் தெரியல விது. பனி. வலப்பக்கம் தண்ணி ரோட்ட அறுத்துக்கிட்டு ஓடுது."

"மெதுவா மூச்சு விடுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

"எஞ்சின் அடைக்குதே."

"பத்து வோல்ட்" என்றார் ஹிஷாம். "ஒம்பதர. யா அல்லாஹ், ஒம்பது."

காடி திறந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு சாணுக்குப் பட்டி இல்லை.  அந்த நேரம் மூலையில் படாரென்று ஒரு சத்தம். பெரியாயி ஒரு பழைய தேயிலைப் பெட்டியைக் காலால் உதைத்து உடைத்திருந்தாள். உள்ளே, அவளே ஒட்டியதோ வேறெவள் ஒட்டியதோ, ஈயத்தாள் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிரித்தெடுத்து, நுனியைப் பல்லால் கடித்து, கட்டைவிரல் நகத்தை ஓடவிட்டு இரண்டு துண்டு கிழித்தாள். அடிமட்டம் வைத்து வெட்டியிருந்தாலும் அவ்வளவு நேராக வந்திருக்காது. "தள்ளு" என்றாள் மருமகளை. இரண்டு துண்டையும் காடியின் இருகரையிலும் போட்டாள். ஈரப் பலகையில் பசை பிடிக்கவில்லை. தாள் சுருண்டு சுருண்டு எழும்பியது. பெரியாயி மேசைக்கு இந்தப் பக்கம் குனிந்து, இடது கையின் நான்கு விரலால் ஒரு தாளையும், வலது கையின் நான்கு விரலால் மற்றத் தாளையும் வெளிவிளிம்பில் அழுத்திப் பிடித்தாள்.

"அத்தை, சில்லு விரல்ல ஏறும்."

"ஏறட்டும்."

ஏறியது. கையில் அடங்கும் ஒரு பொம்மைக் கார்தான். ஆனால் அதன் முன்சில்லு முதல் விரலில் ஏறியபோது மேசையின் கால்கள் முனகின. கொழுந்து ஏற்றிய லொறியின் பாரம் அப்படியே அந்த விரல்களில் இறங்கியது. ஒரு சாணைக் கடக்க மூன்று நிமிடம்.  பெரியாயியின் நெற்றியில் வேர்வை துளிர்த்து மூக்கு வழியாகச் சொட்டியது. அது பலகையில் விழாமல் விதுஷா தன் உள்ளங்கையை நீட்டி ஏந்திக்கொண்டாள். மீற்றரில் ஒன்பது பத்தாகி, பதினொன்றாகியது.  போனில் போஸ் பேசினான், மிகவும் தாழ்ந்த குரலில்.

"விது, ரோட்டுல கை இருக்கு."

"என்ன கைங்க?"

"பள்ளத்துப் பக்கம் ரோடு இல்ல. இடிஞ்சு போச்சு. அந்த எடத்துல விரல் இருக்கு. ஒவ்வொண்ணும் மரம் தண்டி. நான் அதுக்கு மேலதான் போறேன்." லொறி ஏறி இறங்கும் சத்தம் கேட்டது, ஒவ்வொரு விரலாக. "இடது ஆள்காட்டி விரல்ல பெட்டித் தகடு வெட்டுன தழும்பு இருக்கு. இது அம்மா கை."

"பேசாம ரோட்டப் பாத்து ஓட்றா" என்றாள் பெரியாயி.

கார் எட்டாம் விரலில் இருந்து இறங்கிப் புதுப் பட்டியில் ஏறியது. ஹிஷாம் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். விதுஷா மாமியாரின் கைகளை எடுக்கப் போனாள். அவற்றை மேசையிலிருந்து பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. எட்டு நகங்களின் குறுக்கே டயரின் பூ அப்படியே பதிந்திருந்தது. அப்போதுதான் பெரியாயி அழுதாள், விதுஷாவும் சேர்ந்து அழுதாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் எந்த வாகனம் ஏறியது என்று கேட்டார். கொழுந்து லொறி என்றாள் பெரியாயி. எந்த விரலில் என்று கேட்டார். எட்டிலும் என்றாள். அவர் எழுதிக்கொண்டு மருந்து கொடுத்தார். அதற்குள் ஹிஷாம் ஏழாம் வளைவின் பலகையை இஸ்திரிப் பெட்டியால் காயவைத்து, அந்த ஒரு சாண் தாளை அடுத்த சுற்றுக்குத் தாங்கும்படி ஒட்டியிருந்தார். மாலை ஆறு மணிச் சுற்றில் லயம் முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது, லொறிக்குப் பக்கத்தில் நடந்து போஸுக்குச் சோறு கொடுத்தது விதுஷா. அவளுக்குப் பக்கத்தில் இரண்டு கையும் கட்டோடு நடந்து, அவன் சாப்பிடுகிறானா என்று பார்த்தது பெரியாயி.

கொஸ்லந்தைக்கு மேல் இடிந்த வளைவை மறுவாரம் வந்து பார்த்தவர்கள், கல் இல்லை, கொங்கிறீட் இல்லை, வீதி எதன் மேல் நிற்கிறது என்று தெரியவில்லை என்று அறிக்கை எழுதினார்கள். தாரின் மேல் எட்டு மேடுகள் இருந்தன. சுரண்டி எடுக்கப் பார்த்தார்கள், உள்ளே இளஞ்சூடாக இருந்ததால் விட்டுவிட்டார்கள். இப்போது பஸ்கள் அங்கே வேகம் குறைத்துப் போகின்றன. வேகத்தடை போட்டது நல்ல வேலை என்று பயணிகள் சொல்கிறார்கள்.

பாதையை விதுஷாவும் ஹிஷாமும் தையிலிருந்து பங்குனி வரை ஒவ்வொரு நிரையாக முழுக்கப் புதுப்பித்தார்கள். ஒரு சுற்றுக்கு ஓரடிக்கு மேல் தொடவில்லை. பழைய பலகையைப் பகுதி பகுதியாக எடுத்து, இரண்டு தரம் வார்னிஷ் பூசிக் காய்ந்த புதுப் பலகையை வைத்தார்கள். கூரைத் தகரத்தை மாற்றினார்கள். கொழும்பிலிருந்து வந்த பட்டியை ஒட்டினார்கள். ஏழாம் வளைவில் அந்த ஒரு சாண் ஈயத்தாளை மட்டும் விதுஷா மாற்றவில்லை. புதுப் பலகையில் அதைத் திரும்ப ஒட்டியவள் பெரியாயி, நகம் ஆறியதும் தன் கையாலேயே ஒட்டினாள். இப்போது அவளுக்கு அழிறப்பர் பிடிக்கத் தெரியும், மீற்றர் பார்க்கத் தெரியும். வீட்டில் அவள் வைக்கும் குழம்பில் புளி கிடையாது, தக்காளிதான். பழப்புளி விற்க வந்தவரை ஒருமுறை லயத்து வாசல் வரை துரத்தியிருக்கிறாள்.

சித்திரையில் ஒரு ஞாயிறு காலை விதுஷா தலையணைக்குக் கீழிருந்து திறப்பை எடுத்து மாமியாரிடம் நீட்டினாள்.  பெரியாயி திறப்பைப் பார்த்தாள், மருமகள் உடுத்தியிருந்த புதுச் சேலையைப் பார்த்தாள்.

"சோத்த ரெண்டு பேருக்கும் கட்டிக்க" என்றாள். "பதுளையில எறங்கிடாத, சுத்தி வா. நான் பாத்துக்கிறேன்."

ஆறு மணிக்கு லொறி நடைவேகத்துக்கு இறங்கியபோது விதுஷா நூற்று நாற்பது எட்டையும் நடக்கவில்லை. பன்னிரண்டாவது எட்டில் படியில் காலை வைத்தாள், போஸ் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். பதுளை வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை. மூன்றரை வருடத்தில் அவசரமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தரம் என்பதால் என்ன பேசுவதென்று தெரியவில்லை. பண்டாரவளையில் அவன் மடியில் தலைவைத்துத் தூங்கினாள். ஏழாம் வளைவுக்கு முன்னால் அவன் எழுப்பிவிட்டான். வெயில் அடித்தது, பள்ளம் அடி வரைக்கும் தெரிந்தது. லொறி எட்டு மேட்டிலும் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது. விதுஷா போனை எடுத்துக் கிளப்புக்கு அழைத்தாள்.

"அத்தை, ஏழ தாண்டிட்டோம்."

"தெரியும்" என்றாள் பெரியாயி. "விரல்ல பட்டுச்சு. இன்னைக்குப் பாரம் கொஞ்சம் கூட."